அழுத பிள்ளையும் சினந்த பிள்ளையும்

(கங்கைகொண்ட சோழபுரம் பெருவுடையார் திருக்கோயிலில், ஐப்பசி அன்னாபிஷேகப் பெருவிழாவின்போது ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்

  

ஐப்பசித் திங்கள் முழுமதி நன்னாளாகிய இன்று, காலை முதல் கூடை கூடையாக அன்னம் கருவறைக்குள் சென்றவண்ணம் இருக்கிறது. ஏறக்குறைய 13 அடி உயரமுள்ள எம்பெருமானின் திருமேனி முழுவதும் வெண்சோற்றால் மூடப்பெற்று, மாலைத் தீபாராதனைக்கு ஆயத்தமாகிறது. இடைப்பட்ட இந்தப் பொழுதில் சிறிது நேரம் உங்களோடு உரையாடும் பணியை விழாக் குழுவினர் நமக்கு அளித்திருக்கின்றனர். இராசேந்திர சோழனின் வெற்றியைப் பற்றியும், கங்கை நீர் கொணர்ந்த வரலாற்றைப் பற்றியும், 2004ஆம் ஆண்டில் இத்திருக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட பெருமையைப் பற்றியும் பேச அறிஞர் பலர் வந்திருக்கின்றனர். அவர்கள் பேசுவார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. சிறியவர்களைப் பற்றியது.

காலையில் நாம் நந்தியெம்பெருமானை வணங்கிவிட்டுச் சிங்கமுகக் கிணற்றின் பக்கமாக வந்தோம். அங்கே நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன், சிங்கத்தின் திறந்த வாயைக் கண்டு அலறிக்கொண்டிருந்தான். தந்தையார் அவன் கையைப் பிடித்து முன்னோக்கி இழுக்கிறார். பிள்ளை பின்னோக்கி இழுக்கிறான். "ஆண்பிள்ளை இப்படிப் பயப்படலாமா? எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறார்கள் பார்" என்கிறார் தந்தை. உண்மையாகவே நாலைந்து பேர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். உடன் வந்த மூதாட்டியார், "அழுகையை நிறுத்து, இல்லாவிட்டால் சாமி கண்ணைக் குத்திவிடும்" என்றார். பிள்ளை அழுகையை நிறுத்தினான். நின்றது அழுகை மட்டுந்தான். அச்சம் நிற்கவில்லை, ஒரு சிங்கத்துக்கு அஞ்சிய பிள்ளை இப்போது சிங்கம், ஊரார் சிரிப்பு, சாமி என்று மூன்றுக்கு அஞ்சத் தொடங்கினான். விம்மல் தொண்டையில் அடைபட, கோபுரத்தையே மிரட்சியோடு பார்த்துக்கொண்டு நடந்தான்.

அந்தத் தந்தையாரும் மூதாட்டியாரும் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் செய்ததை நாமும் செய்திருக்கிறோம். அவர்களைவிடக் கொடிதாகவே செய்திருக்கிறோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

சாமி கண்ணைக் குத்தும் என்கிறோமே, எந்தச் சாமி குத்தும்? காளத்தியில் தம் கண்ணைத் தாமே அகழ்ந்து அப்பியவர் திண்ணனார். மற்றொரு கண்ணையும் அகழ அம்பை எடுத்தபோது, அந்தக் கையைப் பற்றித் தடுத்தவர் எம்பெருமான். கண்ணைக் குத்திக்கொள்ள வந்த கையைத் தடுத்த கடவுளை வணங்கும் சைவக் குடும்பத்தில், அக்கடவுளையே கண் குத்துபவராக்கிப் பிள்ளைக்குக் காட்டுவது எத்துணைப் பெரிய பிழை! பூச்சாண்டி, பிள்ளை பிடிப்பவன், ஊசி போடும் மருத்துவர், போலீசுக்காரர் என்று அச்சுறுத்த ஒரு பட்டாளத்தையே வைத்திருக்கிறோம். அது போதாதென்று கருணைக்கடலையும் அந்தப் பட்டாளத்தில் சேர்க்கிறோம். பின்னாளில் பிள்ளை கோயிலுக்கு வர மறுத்தால் காலம் கெட்டுவிட்டது என்று வருந்துகிறோம்.

அன்பர்களே! அழுகையும் அச்சமும் சினமும் குற்றங்களா? குற்றம் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எடுத்தோதுகிறார். அவற்றுள் பெருமிதத்துக்கும் உவகைக்கும் தந்த இடத்தை அழுகைக்கும் அச்சத்துக்கும் வெகுளிக்கும் தந்திருக்கிறார். அவ்வளவோடு நில்லாமல், ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள் நான்கு நான்காக வகுத்துச் சொல்கிறார். புலவர்களுக்காக எழுதிய இலக்கணம் அது. ஆயினும் பிள்ளை வளர்ப்போர் ஒருமுறை அதனைப் படித்தல் நன்று என்பது நம் கருத்து.

அழுகை எதனால் பிறக்கிறது? பிறர் இகழ்வதனால் பிறக்கும். உயிரையோ பொருளையோ இழப்பதனால் பிறக்கும். பண்டைய நிலை கெட்டுத் தளர்வதனால் பிறக்கும். வறுமையினால் பிறக்கும் என்கிறார். உங்கள் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து தொட்டிலில் கிடக்கும்போது, மூத்த குழந்தை காரணமின்றிச் சிணுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை தானே குளித்துக்கொண்டிருந்த பிள்ளை, இன்று குளிப்பாட்டிவிடச் சொல்கிறது. மறந்துபோன பால்புட்டியைக் கேட்கிறது. தொட்டில் பிள்ளையை யாரும் காணாதபோது கிள்ளிவிடுகிறது. காரணமின்றி என்கிறோம். தொல்காப்பியனாரைக் கேட்டால், அந்தப் பிள்ளை தன் பண்டைய நிலையை இழந்து தளர்ந்திருக்கிறது, அதனால் அழுகிறது என்பார். நேற்றுவரை அரசனாய் இருந்தவன் இன்று குடிமகனாகிவிட்டான். அழாமல் என் செய்வான்? அவனுக்குப் "பொறாமை பிடித்த பிள்ளை" என்று பெயர் சூட்டுவதை விடுத்து, நாள்தோறும் கால்மணி நேரம் தாயோ தந்தையோ அவனுக்கென்றே ஒதுக்கி அமர்ந்தால் அத்தளர்ச்சி மெல்லத் தெளியும்.

அச்சம் பிறக்கும் களன்களைச் சொல்லும்போது அணங்கையும் விலங்கையும் கள்வரையும் சொல்லி, நான்காவதாக இறை என்கிறார். இறை என்றது தந்தை, ஆசிரியர், அரசர் முதலிய மேலோரை. விலங்கையும் கள்வரையும் ஒப்ப எண்ணத்தக்க வரிசையில் நம்மையும் நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்! வெகுளிக்கு அவர் சொல்லும் களன்களுள் ஒன்று அலைத்தல். பிறர் நம்மை அலைத்து வருத்துதல். சோறு உண்ணும் பிள்ளையைப் பாதியில் எழுப்புவதும், மணலில் கட்டிய வீட்டை மிதித்துக்கொண்டு போவதும், உறங்கும் பிள்ளையை விருந்தினருக்குக் காட்ட எழுப்பிப் பாடச் சொல்வதும் அலைத்தல் அல்லாமல் வேறென்ன?

இக்காலத்து மருத்துவ நூலாரும் இதனை வேறு வகையில் வலியுறுத்துகின்றனர். ஒரு வயது முடிந்து நான்கு வயது நிரம்பும் வரையில் தரையில் விழுந்து புரண்டு அழுவது பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படும் இயல்பு. விருப்பம் வளர்ந்துவிட்டது, அதனைச் சொல்லும் சொல் இன்னும் வளரவில்லை. எழும் உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதியோ 20 வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டேயிருப்பது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளையிடம் "அடங்கு" என்று ஆணையிடுவது, முளைக்காத பல்லால் முறுக்கைக் கடி என்பது போன்றது. முதலில் பெரியவர் அடங்க வேண்டும். அந்த அடக்கத்தைப் பிள்ளை கடன் வாங்கிக்கொள்ளும்.

இதற்குச் சான்றாக நம் திருத்தொண்டர் வரலாற்றில் இரண்டு பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு பிள்ளை அழுதது. மற்றொரு பிள்ளை சினந்தது.

அழுத பிள்ளையை நீங்கள் அறிவீர்கள். சீகாழியில் சிவபாத இருதயர் நீராடப் புறப்பட்டபோது, மூன்று வயதுப் பிள்ளையார் தாமும் வருவதாகக் காலைக் கட்டிக்கொண்டார். தந்தையார் அழைத்துச் சென்று குளக்கரையில் இருத்திவிட்டு நீருள் மூழ்கி மந்திரம் செபித்தார். தந்தையைக் காணாத பிள்ளை அஞ்சியது. கோபுரத்தை நோக்கி அழுதது. பெரியவர்களுக்கு அஃது ஒரு கணம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தண்ணீருக்குள் போன தந்தை மறைந்தே போய்விட்டார். அவர் திரும்பி வருவார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அப்போது அம்மையும் அப்பனும் விடைமீது எழுந்தருளினார்கள். எழுந்தருளி என்ன செய்தார்கள் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். ஏன் அழுகிறாய் என்று அதட்டவில்லை. அதோ தந்தை வருகிறார், பேசாதிரு என்று பராக்குக் காட்டவும் இல்லை. அம்மையார் முதலில் பிள்ளையின் கண்ணீரைத் துடைத்தார். பிறகே பொற்கிண்ணத்தைக் கையில் கொடுத்தார் என்று சேக்கிழார் பெருமான் முறை பிறழாமல் அருளிச்செய்கிறார். ஞானம் பிறகு வந்தது. கண் துடைத்தது முன்னே நடந்தது. அழும் பிள்ளைக்கு அறிவுரை சொல்லத் தொடங்கும் நாம் இந்த முறையைத்தான் தலைகீழாக்கிவிடுகிறோம். அழும்போது பிள்ளையின் காது அடைத்திருக்கும். அப்போது சொல்லும் எந்த நீதியும் உள்ளே போகாது. மடியில் ஏற்றி, முதுகைத் தடவி, விம்மல் தணிந்த பிறகு சொல்லும் இரண்டு சொல் உள்ளே போகும்.

நீருள்ளிருந்து எழுந்த தந்தையார் சிறு கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு, யார் தந்த பாலை உண்டாய் என்று அதட்டினார் என்பதும் அவ்வரலாற்றிலேயே இருக்கிறது. சிவபாத இருதயர் நல்ல தந்தைதான். நல்ல தந்தையர் கையிலும் கோல் இருந்திருக்கிறது. அக்கோல் பிள்ளைமேல் விழுவதற்கு முன் திருவருள் விடை சொல்லிவிட்டது. நம் வீடுகளில் அப்படி நிகழ்வதில்லை; ஆகவே கோலை நாமேதான் கீழே போட வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் புண்பட வருத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. வீட்டுக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பது அரிது. அங்கே அன்புதான் சட்டம்.

இப்போது நம் பிழையைச் சொல்ல வேண்டும். இத்திருமுன்னர்ச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

பல்லாண்டுகளுக்கு முன் நம் அன்னையார் சிவபதம் அடைந்தார்கள். அப்போது நம் மகளுக்கு ஐந்து வயது. அப்பாயி, அப்பாயி என்று அவர்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள். துக்கத்தைப் பிள்ளை பார்க்கலாகாது என்று அன்று அவளைப் பக்கத்துத் தெருவில் உறவினர் வீட்டில் விட்டோம். மறுநாள் அழைத்து வந்தபோது, அப்பாயி எங்கே என்று கேட்டாள். காசிக்குப் போயிருக்கிறார்கள் என்றோம். சொன்ன பொய்யின் திறத்தை எண்ணி நமக்குச் சிறிது நிறைவும் இருந்தது. புண்ணியத்தலத்தின் பெயரையல்லவா சொன்னோம்!

நாள்தோறும் மாலையில் அவள் திண்ணையில் போய் அமர்வாள். பேருந்து வந்து நிற்கும் ஓசை கேட்டால் எழுந்து நிற்பாள். சில நாளில் அந்தப் பழக்கம் நின்றது; வேறொன்று தொடங்கியது. வீட்டில் யாராவது வெளியூருக்குப் புறப்பட்டால் கதவை மறித்துக்கொண்டு கத்துவாள். பையைப் பிடித்து இழுப்பாள். பிடிவாதம் முற்றிவிட்டது என்று நாம் சினந்தோம். ஒருநாள் அடித்தும்விட்டோம். அடித்த அந்தக் கையால் அன்று மாலை திருநீறும் பூசிக்கொண்டோம் என்பதை இப்போது எண்ணினாலும் நாணமாயிருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு அவளுடைய ஆசிரியை நம்மைச் சந்தித்து, "காசிக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று உங்கள் மகள் அடிக்கடி கேட்கிறாள், ஐயா" என்றார். அன்றிரவு அவளை அருகில் அமர்த்தி உண்மையைச் சொன்னோம். அப்பாயி இறந்துவிட்டார்கள், அவர்கள் உடம்பு மூப்பினால் தளர்ந்து நின்றுபோயிற்று, இனி வரமாட்டார்கள், நமக்கும் அழுகை வருகிறது என்றோம். அவள் அழவில்லை. நெடுநேரம் பேசாதிருந்து ஒன்று கேட்டாள்: "அப்படியானால் அப்பாயி என்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லையா, அப்பா?"

அன்னையார் நோயில் விழுவதற்குச் சில நாள் முன்னர், அவர்கள் வெற்றிலை இடிக்கும் சிற்றுரலை அவள் விளையாட எடுத்துத் தொலைத்துவிட்டிருந்தாள். அதற்காக அவர்கள் ஒரு சொல் கடிந்திருக்கிறார்கள். அதனாலேயே அப்பாயி காசிக்குப் போய்விட்டதாக, ஓராண்டுக் காலம் அந்தச் சிறு நெஞ்சு தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறது. கதவை மறித்துக் கத்தியது பிடிவாதம் அன்று. இன்னொருவரும் தன் குற்றத்தால் போய்விடலாகாது என்னும் அச்சம். சிறு பிள்ளைகள் வீட்டில் நேரும் துன்பங்களுக்கெல்லாம் தாமே காரணம் என்று எண்ணிக்கொள்வது உண்டு. பெற்றோர் பூசலிட்டாலும் அப்படித்தான் எண்ணும். நாம் உண்மையைச் சொல்லாத இடத்தில் பிள்ளை தானாக ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கதை எப்போதும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடியபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உதவச் சென்றோர், தாளையும் வண்ணக்கோலையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். வாய் திறவாத பிள்ளைகளும் அலையை வரைந்தார்கள். உள்ளே கிடந்தது தாளில் இறங்கியது. அச்சத்தை அடக்கி வைப்பதைக் காட்டிலும் அதற்கு ஓர் உருவம் கொடுத்து வெளியே வைப்பதுதான் ஆறுதலுக்கு வாயில் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனிச் சினந்த பிள்ளையிடம் வருவோம். அவரைக் காண நீங்கள் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இத்திருக்கோயிலின் வடபுறத்துப் படிக்கட்டருகே, உலகோர் வந்து வியந்து செல்லும் சிற்பமாக அவர் இருக்கிறார். அம்மையோடு அமர்ந்திருக்கும் எம்பெருமான், கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் ஓர் அடியாரின் தலையில் கொன்றை மாலையைத் தம் கையாலேயே சுற்றுகிறார். அந்த அடியாரின் முகத்தை நின்று பாருங்கள். கல் அவ்வளவு அடக்கமாக இருக்க முடியுமா என்று தோன்றும். இராசேந்திரனே அவ்வடிவில் முடிசூடப் பெறுகிறான் என்று சொல்வாரும் உளர். அது நிற்க. அவர் சண்டேசுர நாயனார்; அதற்குமுன் விசாரசருமர் என்னும் சிறுவர்.

கொள்ளிடத்துக்குத் தென்பால், மண்ணியாற்றங்கரையில் உள்ள சேய்ஞலூர் அவருடைய ஊர். தன்னை முட்ட வந்த பசுவை இடையன் கோலால் அடிக்கக் கண்டு உள்ளம் பதறினார் அந்தச் சிறுவர். அவருடைய சினத்துக்கு வித்து எது என்று பாருங்கள், இரக்கம்! பதறியதோடு நில்லாமல், ஆநிரை மேய்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். பசுக்கள் மகிழ்ந்து பாலைப் பொழிந்தன. ஆற்று மணலில் ஆத்தி மரத்தடியே சிவலிங்கம் அமைத்து, அப்பாலை ஆட்டி வழிபட்டார். பால் குறையவில்லை. ஆயினும் அதனைக் கண்ட ஒருவன் ஊராரிடம் கோள் சொன்னான். ஊரார் தந்தையார் எச்சதத்தரை அழைத்துக் கேட்டனர். எச்சதத்தர் பணிந்து, இனி நடவாது பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் பிள்ளைக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து, குராமரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்த்தார்.

அன்பர்களே! இந்த வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பலமுறை சொல்லியும் இருக்கிறோம். நம் மகளின் கேள்விக்குப் பிறகே நமக்கு ஒன்று தென்பட்டது. இவ்வளவு பேரில் ஒருவர்கூடப் பிள்ளையைக் கேட்கவில்லை! கண்டவன் கேட்கவில்லை. ஊரார் தந்தையைக் கேட்டார்கள், பிள்ளையைக் கேட்கவில்லை. தந்தையோ ஒரே வீட்டில் உண்டு உறங்கும் மகனிடம், "குழந்தாய், பாலை என்ன செய்கிறாய்?" என்று ஒரு வாய்ச்சொல் கேட்பதை விட்டு மரத்தின்மேல் ஏறினார். ஊரார் முன் தலைகுனிந்த நாணம் அவர் நெஞ்சில் சினமாகத் திரண்டிருந்தது. இறங்கி வந்து முதுகில் கோலால் அடித்தார். வழிபாட்டில் ஒன்றியிருந்த பிள்ளை அதனை உணரவில்லை. பிறகு திருமஞ்சனப் பால் இருந்த குடத்தைக் காலால் இடறினார். அதன்பின் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். பிள்ளை கையில் எடுத்த கோல் மழுவாயிற்று. தந்தையின் தாள் துணிபட்டது.

தந்தையை வெட்டியவருக்கு மாலையா என்று இக்கால இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல கேள்விதான். சிவாபராதம், குருதுரோகம் என்று சாத்திரம் வல்லார் விரிக்கும் விடைகள் உண்டு. அவற்றை அவர்களிடம் கேட்டுக்கொள்க. நாம் காட்ட விரும்புவது, எம்பெருமான் எழுந்தருளி அப்பிள்ளையை நடத்திய முறையை. அவர் அணைத்துக்கொண்டார். இனி யாமே உனக்குத் தந்தை என்று உறவு சொன்னார். அவ்வளவு பெரிய சினத்துக்குப் பின் ஒரு பிள்ளை தான் தனியன் ஆகிவிட்டதாக அஞ்சும்; அந்த அச்சத்தை முதலில் நீக்கினார். தாள் துணிபட்ட தந்தையும் குற்றம் நீங்கிச் சிவலோகம் சேர்ந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. இருவருள் ஒருவரையும் கைவிடவில்லை.

அணைத்ததோடு விட்டாரா? வேலை கொடுத்தார்! தொண்டர்க்கெல்லாம் தலைவராக்கினார். சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். கோயிலுக்கு நிலம் வாங்கினாலும் விற்றாலும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே எழுதியிருப்பார்கள். பாற்குடத்தை உதைத்ததைப் பொறுக்காத அந்தச் சினத்தை, சிவன் சொத்தில் ஒரு படி நெல்லும் குறையாமல் காக்கும் காவலாக மாற்றிவிட்டார் எம்பெருமான். சினத்தை ஒழித்திருந்தால் ஒரு நல்ல காவலர் கிடைத்திருப்பாரா? (இன்று நாம் அவர் சந்நிதியில் கைதட்டி ஓசை எழுப்பியும், ஆடையிலிருந்து நூலைப் பிய்த்துப் போட்டும் அவரை அலைக்கிறோம். அவர் காது கேளாதவர் அல்லர், தியானத்தில் இருப்பவர். அமைதியாக வணங்கிச் செல்க.)

உங்கள் வீட்டுப் பிள்ளையும் சினக்கும். சினந்து தம்பியை அடிக்கும், தட்டை எறியும். அடிக்கும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அடிக்க விடலாகாது, அதில் ஐயமில்லை. கையைப் பிடித்துக்கொண்டே, "உனக்குக் கோபம் வந்திருக்கிறது. நீ கட்டிய வீட்டைத் தம்பி கலைத்துவிட்டான். அதனால்தானே?" என்று கேளுங்கள். சினத்துக்குப் பெயர் கிடைத்தவுடன் அது பாதி இறங்கிவிடும். அச்சிற்பம் இருக்கும் வடபுறப் படிக்கட்டின் மற்றொரு பக்கத்தில் ஞானசரசுவதி அமர்ந்திருக்கிறாள் என்பதைக் கவனித்தீர்களா? ஒருபுறம் சினந்த பிள்ளை, மறுபுறம் சொல்லுக்குத் தெய்வம். சிற்பி எதை எண்ணி வைத்தாரோ! நமக்கு இப்படிக் கொள்ளத் தோன்றுகிறது.

நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. தாலாட்டுப் பாடும் தாய், குழந்தையை அழவைத்தவர் யார் யார் என்று ஒவ்வோர் உறவாகக் கேட்டுக்கொண்டே போவாள். பேசத் தெரியாத பிள்ளையின் அழுகைக்கு அவள் காரணம் தேடுகிறாள். உன் அழுகையை நான் மதிக்கிறேன் என்று இசையால் சொல்கிறாள். இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை தடுக்கி விழுந்தால், "தரைதானே அடித்தது?" என்று பாட்டிமார் தரையை இரண்டு அடி அடிப்பார்கள். பிள்ளையின் நோவை ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் நொந்தவுடன் யாரையாவது அடிக்க வேண்டும் என்று கற்பிப்பது நன்றன்று. தரையை விட்டுவிடுங்கள், முழங்காலை ஊதிவிடுங்கள், போதும்.

ஊதுவது என்றவுடன் மற்றொன்று. சூடான சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டும் தாய் அதனை ஊதி ஆற்றுகிறாள். எம்பெருமானுக்கும் வடித்த அன்னத்தை ஆறவைத்தே சாத்துகிறார்கள். சினத்தால் பிள்ளையின் நெஞ்சு படபடக்கும்போது, "உன் உள்ளங்கையில் சூடான சோறு இருக்கிறது, மெல்ல ஊது" என்று சொல்லுங்கள். நீண்ட மூச்சு வெளியேற வெளியேற நாடித் துடிப்பு தணியும். இதனைச் சினம் வந்தபோது கற்பிக்க முயலாதீர்கள். பிள்ளை மகிழ்ந்திருக்கும்போது விளையாட்டாகப் பலமுறை பழக்குங்கள். நீங்களும் உடன் ஊதுங்கள். நம் வயதிலும் இது பயன்படுகிறது.

இக்காலத்தில் அழும் பிள்ளையின் கையில் கைப்பேசியைத் திணிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அழுகை நொடியில் நிற்கிறது, மறுக்கவில்லை. பிள்ளை தன் அழுகையைத் தானே கடந்து வரும் வழியை மட்டும் கற்காமல் போகிறது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவு வெறுப்பு, விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல், யாரையோ ஒருவரைக் கண்டால் மட்டும் ஒடுங்குதல் ஆகியவை கண்டால், மந்திரித்துத் திருநீறு இடுவதோடு நில்லாதீர்கள். திருநீறு இடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தீங்கு செய்வார் எவரேனும் உளரோ என்ற ஐயம் எழுந்தால் 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளை ஒருவரைக் கண்டு அஞ்சுவதாகச் சொன்னால், அவர் எத்துணை நெருங்கிய உறவினர் ஆயினும், பிள்ளையின் சொல்லை முதலில் நம்புங்கள். மரத்தின்மேல் ஏறாதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள்.

தீபாராதனைக்கு மணி அடிக்கும் நேரம் நெருங்குகிறது. விழாக் குழுவினர் மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். பச்சைப் பாவாடை அணிந்த சிறு பெண் ஒருத்தி, கூட்டத்தில் தாயைப் பிரிந்து நந்தி மேடை அருகே நின்றிருந்தாளாம். இப்போது மேடைக்குப் பின்புறம் தொண்டர் அம்மையார் ஒருவர் மடியில் இருக்கிறாள். வாழைப்பழம் கொடுத்திருக்கிறார்கள், உண்ணாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாளாம். பெயர் கேட்டால் சொல்லவில்லையாம். தாயார் எங்கிருந்தாலும் உடனே மேடைக்குப் பின்புறம் வருக. அம்மா, ஏன் கையை விட்டாய் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவளை முதலில் தூக்கிக்கொள்ளுங்கள். வழியில் இருப்போர் சற்று ஒதுங்கி அந்த அம்மையாருக்கு இடம் விடுக.

திருச்சிற்றம்பலம்